தாஹா வாங்கிய வால்வு

என் மகன் தாஹா மவுத்தாகி, நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த மறுநாள் அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவன் வாசலில் நின்றுகொண்டு, "தாஹா சார் இருக்காருங்களா? ஓடிபி சொல்லணும்" என்றான். ஓடிபி தாஹாவின் போனுக்குப் போயிருக்கும். அந்த போன் சவுதியில், தம்மாமில் எந்த மேஜை டிராயரில் கிடக்கிறதோ! "சார் இல்லப்பா, நான் அவங்கம்மா" என்றேன். அவன் யாரிடமோ போனில் கேட்டு, என் ஆதார் அட்டையைப் படம் எடுத்து, ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

பிரித்தேன். உள்ளே நீல நிறத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு அலுமினியச் சாமான், கொஞ்சம் ரப்பர் குழாய், இரண்டு கிளாம்ப். எங்கள் உப்பளத்து பம்ப்செட்டுக்கு எதையோ வாங்கியிருக்கிறான் போல என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பஷீர் அஹமது கையை நீட்டி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டம்ப் வால்வு" என்றார்.

நாற்பத்தொரு நாளில் அவர் அவசியம் இல்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. அதுவரைக்கும் "போலாமா", "சாப்ட்டேன்", "சாவி எங்க", அவ்வளவுதான். நானும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வாயை மூடிக்கொண்டது துக்கத்தால். நான் மூடிக்கொண்டது கோபத்தால். நான் அழக்கூட இல்லை. வந்தவர்கள் எல்லாம் அதையே ஒரு அதிசயமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

என்ன கோபம் என்று சொல்கிறேன். எனக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம் ஆகிறது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் பாண்டிச்சேரியில் டயாலிசிஸ், நாலு நாலு மணி நேரம். மரக்காணத்தில் உப்பு விளைவிக்கிறவர் பெண்டாட்டி, உப்பு சேர்க்கக் கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். அப்படி ஒரு திங்கட்கிழமை நான் மெஷினில் கிடந்தபோதுதான் சவுதியிலிருந்து இவருக்கு போன் வந்தது. தாஹா கம்பெனி ரூமில் தூக்கத்திலேயே போய்விட்டான். முப்பத்தொரு வயது. மாரடைப்பு என்றார்கள். உடம்பை ஊருக்கு அனுப்புவதென்றால் ஒரு மாசம் ஆகும், மேலேயும் ஆகலாம், இல்லாவிட்டால் இங்கேயே அடக்கம் செய்துவிடலாம், எது என்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று கடிதத்தை பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டார். நர்ஸ் என் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக் கட்டுப் போட்ட பிறகுதான் இவர் என்னிடம் வந்தார். பிள்ளை போனதையும் கையெழுத்துப் போட்டதையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்த வேலைக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? பெற்றவள் டயாலிசிஸ் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உயிரோடு கிடக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பிள்ளையின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அவன் கபர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மேற்கே கையைக் காட்டுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த மனுஷனை நான் மன்னிக்கப்போவதில்லை என்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

வந்தது அவன் உடம்பு இல்லை, இந்த வால்வு. போன வருஷம் லீவில் வந்தபோது தாஹா பழைய கார் ஒன்று வாங்கினான். சிவப்பு நிறம், டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. "ம்மா, உன்ன பஸ்ல இட்டுனு போவ வேணாம்னுதான்" என்றான். என் பெயரைச் சொல்லி அவன் ஆசையைத் தீர்த்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு மாசம் அவனே என்னை டயாலிசிஸுக்கு ஓட்டிக்கொண்டு போனான். வழி முழுக்க டர்போ புராணம்தான்.

"ஒரு வால்வு இருக்குதும்மா. அத மாட்டிட்டா கியர் மாத்தும்போது உஸ்ஸுனு ஒரு சத்தம் வரும். ரோட்ல எல்லாரும் திரும்பிப் பாப்பான்."

"உனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெக்கிறேன். வர்றவ போடுவா அந்தச் சத்தம், வீடே திரும்பிப் பாக்கும்" என்றேன்.

அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டுடா என்று திட்டினேன். அவன் திரும்பிப் போகிற அவசரத்தில் எங்கேயோ வெளிநாட்டில் ஆர்டர் போட்டிருக்கிறான். அது கஸ்டம்ஸில் கிடந்து, அவனுக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

மறுநாளே இவர் வண்டியை எடுத்துக்கொண்டு பாலகுருவின் ஷெட்டுக்குக் கிளம்பினார். நானும் ஏறி உட்கார்ந்தேன். பாலகுரு ஈசிஆர் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். பத்து வருஷமாக எங்கள் வண்டி எல்லாம் அவனிடம்தான். வால்வைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவன் முகம் மாறிப்போனது.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. தம்பி எங்கிட்டயும் கேட்டுது. அப்பவே வேணாம்னுதான் சொன்னேன்."

"ஏன் வேணாம்?" என்றார் இவர்.

"டர்போ காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது. கியர் மாத்த கால எடுத்தா அந்தக் காத்துக்குப் போக்கிடம் இல்ல. அத வாங்கித் திரும்ப உள்ளயே விடறதுக்கு கம்பெனிக்காரனே ஒரு வால்வு வெச்சிருக்கான். சத்தமில்லாம அது வேலைய அது பாத்துனு இருக்குது. தம்பி வாங்கினது காத்த வெளிய விடும். சத்தம் வரும். ஸ்பீடும் வராது, மைலேஜும் வராது."

"சத்தம் வந்தா வந்துட்டுப் போவுது."

"அத்தோட போச்சுன்னா நான் ஏன் பாய் சொல்றேன்? இந்த வண்டி உள்ள வர்ற காத்த அளந்து, அதுக்குத் தக்கன பெட்ரோல் ஊத்துது. அளந்த காத்த நாம வெளிய விட்டா அதுக்குத் தெரியாது. இருக்குதுன்னே நெனச்சு ஊத்தும். திணறும், இழுக்கும். சிக்னல்ல நின்னா ஆஃப் ஆனாலும் ஆவும். வாரத்துல ரெண்டு நாள் அக்காவ இட்டுனு போற வண்டி. எனக்கு இஷ்டமில்ல."

இவர் விடவில்லை. ஏன் திணறும், எவ்வளவு திணறும், வேறு யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது நாளாகக் கல்லாக இருந்த மனுஷன் ஒரு மெக்கானிக்கிடம் மல்லுக்கு நின்றதைப் பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"மாட்டுப்பா."

பாலகுரு என்னைப் பார்த்தான். "அக்கா, உங்க உடம்புக்குத்தான் சொல்றேன்."

"என் உடம்ப நான் பாத்துக்கறேன். நீ மாட்டு."

புருஷனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம். பாதிதான் அவருக்காக. என் பிள்ளை ஆசைப்பட்ட சத்தம் எப்படித்தான் இருக்கும் என்று எனக்கே கேட்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் ஈசிஆரில் ஏறி, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினார். உஸ்ஸ். குக்கர் விசிலடிக்கப் போய் மனசு மாறின மாதிரி ஒரு சத்தம். "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம் பண்ணான்?" என்றேன். கீற்றுப் போட்டு மூடின உப்புக் குவியல்களுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, அடப்பாவி" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு வாய் வந்துவிட்டது. போகவர எழுபது கிலோமீட்டரும் தாஹாவைப் பற்றித்தான் பேச்சு. சின்ன வயதில் உப்புப் பாத்தியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு எரியுது எரியுது என்று குதித்தது, பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டது, முதல் சம்பளத்தில் எனக்கு வாட்ச் வாங்கினது. தேவையே இல்லாமல் கியரை மாற்றுவார். "மெதுவா. கியர் கையோட வந்துடப் போவுது" என்று நானும் கிண்டல் பண்ணினேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பிள்ளையைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் எனக்கும் வேறு ஆள் இல்லை.

கோட்டக்குப்பம் சிக்னலில் நின்றால் வண்டி உதறும். அவர் ஆக்சிலேட்டரில் லேசாகக் காலை வைத்தபடியே சமாளிப்பார். பாலகுரு சொன்னது நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி வேறு எதையாவது பேசுவோம்.

எங்களுக்கு வினை வந்தது பாலகுரு சொன்ன வழியில் இல்லை. எங்கள் வழக்கத்தால் வந்தது. உப்பளத்துக்காரன் இரும்பைக் கண்டால் சும்மா விடமாட்டான், கிரீஸ் தடவுவான். உப்புக்காற்றில் தடவாமல் விட்ட சாமான் ஒரு மழைக்குள் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். இவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பம்ப்செட், கேட் கீல், பூட்டு, சைக்கிள் செயின், என் தையல் மெஷின், ஒன்றையும் விடமாட்டார். அந்த வரிசையில் தாஹாவின் வால்வும் சேர்ந்துகொண்டது. வாராவாரம் பானட்டைத் திறந்து, வால்வின் வாய்க்குள் விரலை விட்டு, நிறைய வைப்பார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவம் அந்தக் கையில் இருந்தது. டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தான்.

மே மாதம். உப்பு வாரும் காலம். காற்றடித்தால் வெள்ளைத் தூசி பறக்கும். வண்டி பகல் முழுக்க உப்பளத்து வரப்போரம்தான் நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஏழு மணிக்கு மெஷின். ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டோம். வியாழனிலிருந்து திங்கள் வரை நாலு நாள் இடைவெளி. திங்கட்கிழமை காலையில் எனக்குக் கால் இரண்டும் வீங்கி, மாடிப்படி ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கும். கூனிமேடு தாண்டி ஒரு டேங்கர் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. இவர் அதைத் தாண்டுவதற்கு வலது பக்கம் எடுத்து மிதித்தார். எஞ்சின் அலறியது. வண்டி போகவில்லை. உஸ் சத்தமும் வரவில்லை. எதிரே பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. பின்வாங்கலாம் என்றால் டேங்கருக்குப் பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வந்தது. யா அல்லா என்று கத்தினேன். இவர் வலது பக்கமே ரோட்டை விட்டு இறக்கி, மணலில் புரட்டி, சீமைக்கருவேலம் புதருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பஸ் ஹாரன் அடித்தபடியே போய்விட்டது.

ஒரு கீறல் இல்லை இருவருக்கும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகியும் எஞ்சின் நிலைக்கவில்லை. காலை எடுத்தால் செத்துப்போகும். இருபது முறை போட்டுப் பார்த்தார். கடைசியில் ரோட்டில் நின்று கையைக் காட்டி, ஒரு பஸ்ஸில் என்னை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதாகிவிட்டது. என் மெஷினில் வேறொரு அம்மா கிடந்தாள். அடுத்த ஷிப்டும் நிறைந்திருந்தது. "நாளைக்குக் காலைல முதல் ஆளா வந்துடுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

அந்த நாளைக் காலை வரைக்கும் என் உடம்பு பொறுக்கவில்லை. விடியற்காலையில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது. மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 108 ஆம்புலன்ஸில் வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஐசியூ. சாவைப் பற்றி இத்தனை வருஷமாக வீறாப்பாகப் பேசியவள் நான். பிள்ளை போனபிறகு எனக்கென்ன இருக்கிறது என்று வாய்க்கு வாய் சொன்னவள். மூச்சு நின்றபோது அந்த வீறாப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அல்லாவே என்னைக் காப்பாத்து என்று மட்டும்தான் கேட்டேன். தாஹாவை நினைக்கவேயில்லை.

வார்டுக்கு மாற்றின அன்று இவர் வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தாடி மூன்று நாள் கவனிப்பில்லாமல் கிடந்தது.

"பாலகுரு கழட்டிப் பாத்தான்" என்றார். "உள்ள கிரீஸும் உப்பும் கலந்து களி மாதிரி இருக்குது. வால்வோட பிஸ்டன் தெறந்தபடியே ஒட்டிக்கிச்சு. காத்து பூரா வெளிய போயிருக்குது. அதுல கிரீஸே வெக்கக் கூடாதாம். நான்தான் வெச்சேன்."

"டப்பாவ யார் புடிச்சா? நான்தானே."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு போகாமல் இருந்தது.

"ஜெயினம்பு, அன்னைக்கு உன்ன கண்ணாடி வழியா ஒரு தடவ பாத்துட்டு வந்துதான் கையெழுத்து போட்டேன்."

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"சவுதில இருந்து பேசினவன் ஒரு மாசம் ஆவும்னான். பெட்டி வந்து சேர்ற வரைக்கும் நீ மெஷினுக்கு வரமாட்ட. ஜனாஸா பாக்காம எழுந்திரிக்க மாட்டேன்னு வாசல்ல உக்காந்துடுவ. உன்ன எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் போதும் நீ போறதுக்கு. அவன் போயிட்டான், அவன என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீ இருந்த. அதான் போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நிஜமாக இருந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனோம். பாலகுரு இரண்டு வால்வையும் ஒரு பழைய துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். ஒன்று கம்பெனி வைத்தது, கறுப்பு, பார்க்க ஒன்றுமே இல்லை. இன்னொன்று நீலம். பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவி, புதுசாகவே ஆக்கிவிட்டான்.

"பாய், நான் யோசிச்சேன்" என்றான். "தம்பி வாங்கினது. தூக்கிப் போட எனக்கே மனசு வரல. கிரீஸ் மட்டும் வெக்காதீங்க. மாசம் ஒரு தடவ நானே கழட்டித் தொடச்சுத் தரேன். கொஞ்சம் உதறும், ஆனா இந்த மாதிரி நடக்காது. நடக்காதுன்னு எழுதித் தர முடியாது, ஆனா நடக்காதுன்னுதான் நெனைக்கிறேன். இத மாட்றதா, பழசா? நீங்க சொல்லுங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்காவக் கேளு. நான் ஒரு தடவ சொல்லிட்டேன்."

பாலகுரு என் பக்கம் திரும்பி, "அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம். பழசே போடு" என்றேன்.

அவன் கேட்டு முடிக்கக்கூட இல்லை. நான் சொன்னது என் காதில் விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. இவராவது எழுந்துபோய், என்னைப் பார்த்துவிட்டு வந்து, காகிதம் பிரிண்ட் ஆகும்வரை நின்று, யோசித்துக் கையெழுத்துப் போட்டார். நான் அந்த நீல வால்வைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூச்சு வேண்டும், திங்கட்கிழமை ஏழு மணிக்கு மெஷின் வேண்டும், அவ்வளவுதான். பெற்ற பிள்ளை ஆசையாக வாங்கியதை வேண்டாம் என்று தள்ள எனக்கு ஒரு நிமிஷமும் தேவைப்படவில்லை.

பாலகுரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தான்.

"அஞ்சு மாசமா உங்கள மனசுக்குள்ள திட்டிக்கினே இருந்தேங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். "திட்டு. பரவால்ல."

"இனிமே முடியாது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். அந்தக் கோபம் இருந்தவரைக்கும், யாரோ என் பிள்ளையை என்னிடமிருந்து எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரித்தான் இருந்தது. அன்று அதுவும் போய்விட்டது. முக்காட்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, என் தாஹா செத்துப்போனதற்காக அன்றைக்குத்தான் அழுதேன்.